என் பங்குப் பால்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில், பெயிண்ட் அடிக்கிறவர்களுக்குத் தினமும் பத்து மணிக்கு ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுப்பார்கள். நெஞ்சில் படிந்த பெயிண்டைப் பால் கழுவிவிடும் என்று எல்லோரும் நம்பினோம்.

என்னோடு திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் ஒருவன் இருந்தான். இரண்டு பேரும் கான்ட்ராக்ட். ஒருவனைத்தான் பெர்மனென்ட் ஆக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். வேலையில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் எரிகிறது.

பால் குடித்த அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடுவான். அவன் வரும்வரை லைன் நிற்கும். "இன்னாடா, மறுபடியும் புட்டுக்கிச்சா?" என்று சிரிப்போம். ஊரில் பால் ஊற்றாத கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவன், பாலைச் சந்தேகப்படவில்லை. பெயிண்ட்தான் உடம்புக்குள் இறங்கிவிட்டது என்று பயந்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாவம் பார்த்து என் பங்குப் பாலையும் அவனுக்கே கொடுத்தேன். அந்த ஒரு வாரம் அது நிஜமான இரக்கம்தான்.

பிறகு ஒருநாள் விரல் கிழிந்து முதலுதவி அறைக்குப் போனேன். பேச்சுவாக்கில் அவனைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவனுக்கு வியாதி ஒண்ணும் இல்லப்பா. குழந்தைப் பருவம் தாண்டினா பாலைச் செரிக்கிற சக்தி நிறைய பேருக்குக் குறைஞ்சிடும். மனுசன் உடம்போட பழைய வழக்கம் அதுதான். ஆடு மாடு வளர்த்த சில கூட்டத்துல, அது குறையாத உடம்போட சிலர் பொறந்தாங்க. பாலைக் குடிச்சே பஞ்சத்தைத் தாண்டி, அவங்க வம்சம் பெருகிச்சுன்னு சொல்றாங்க. உனக்கு ஒத்துக்குது, அவனுக்கு ஒத்துக்கல. பாலை நிறுத்தச் சொல்லு, சரியாயிடும்."

நான் சொல்லவில்லை. மறுநாளும் என் டம்ளரை நீட்டினேன். "குடிடா, நெஞ்சு கிளீனாயிடும்" என்றேன். நன்றியோடு வாங்கிக் குடித்தான். அவன் லைனை விட்டுப் போன நேரத்தையெல்லாம் சூப்பர்வைசர் எழுதிவைத்தார். அவன் கன்னம் ஒட்டிப்போனது, ஸ்ப்ரே கன் பிடித்த கை நடுங்கியது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

மாதக் கடைசியில் அவனை நிறுத்திவிட்டார்கள். வடக்குப்பட்டில் தங்கியிருந்த ரூமைக் காலி செய்துவிட்டு, பையோடு என்னைத் தேடிக் கம்பெனி கேட்டுக்கு வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"எல்லாப் பயலுவளும் சிரிச்சானுவ. நீங்க ஒருத்தருதாம்ணே ஒங்க பாலயும் எனக்குத் தந்திய."

பெர்மனென்ட் எனக்கு உறுதியாகிவிட்டது. இனி அவனால் எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஊர்லயும் பாலை உட்றாதடா" என்றேன்.