வழியும் வளியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். அறிவழகன் அங்கே ஒன்பது வருஷமாக வேலை பார்த்தான். மீன்பிடி படகுகளுக்குக் காற்றின் வேகத்தையும் படகு போகும் திசையையும் காட்டும் செயலியை எழுதியது அவன்தான். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் காயத்ரி சேர்ந்து பதினோரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் முதலாளி கலியமூர்த்தி இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அறிவழகனுக்கு வயிறு எரிந்தது.

அந்த மாதம் அவள், எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரோடு ஒரு சோதனையைச் சேர்த்தாள். நிரலில் ஒன்றுபோலத் தெரியும் பெயர்கள் இருந்தால் அது எச்சரிக்கும். முதல் நாளே நாற்பத்து மூன்று எச்சரிக்கைகள். அத்தனையும் அறிவழகன் எழுதிய வரிகள்.

"அண்ணா, காத்துக்கு 'வளி'ன்னு வெச்சிருக்கீங்க, திசைக்கு 'வழி'. இங்கிலீஷ்ல ரெண்டையும் 'vali'ன்னே எழுதியிருக்கீங்க. ஒண்ணுல மொத எழுத்து மட்டும் பெருசு. மாறிப் போயிடாதா?"

"கம்பைலர் என்ன வாத்தியாரா? எழுதுனவனுக்குப் புரிஞ்சா போதும்."

"எழுதுனவங்களே மறந்துடுவாங்களேண்ணா."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கலியமூர்த்தி சிரித்துவிட்டார். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அறிவழகன் அந்தச் சோதனையை அணைத்துவிட்டான்.

அடுத்த வாரம் செயலியைத் திருத்தும்போது சின்ன எழுத்து வரவேண்டிய இடத்தில் பெரிய எழுத்தைப் போட்டான். கம்பைலர் வாய் திறக்கவில்லை. துறைமுகத்தில் வெள்ளோட்டம் பார்க்க வந்த படகுக்காரர் சின்னதம்பி அவனிடம் போனை நீட்டினார்.

"காத்து எரநூத்திப் பன்னெண்டு கிலோமீட்டராம் சார். கடலூர்ல ஒரு கூரை நிக்குமா?"

திசையைக் காட்டும் பாகை எண் காற்றின் வேகமாக வந்திருந்தது. காயத்ரி பத்தே நிமிஷத்தில் பிழையைப் பிடித்தாள். சோதனையை அணைத்தது யார் என்பதும் பதிவில் அவள் கண்ணில் பட்டது; பின்னால் நின்ற அறிவழகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முதலாளியிடம், "பேர் கொழப்பம் சார், சரி பண்ணிட்டேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். கெட்டிக்காரி என்பது போதாதென்று நல்லவளாகவும் இருக்கிறாளே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவள் தயவில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாதென்று முதலாளி அறைக்குப் போனான்.

"நான்தான் சார் ஆஃப் பண்ணேன்."

"ஏன்யா?"

"அவுங்க மேல பொறாமை சார்."

"போய் எல்லாப் பேரையும் மாத்து" என்றார்.

பெயர்களை மாற்ற இரண்டு நாள் ஆனது. கூப்பிடாமலே காயத்ரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் ஒரு பெயரை யோசிப்பதற்குள் அவள் மூன்று சொன்னாள். அதற்கும் அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்றில் நல்லதைத் தேர்ந்து தட்டினான்.