ஜீப்பில் அக்கா பிடித்த கை

அக்கா வீட்டுக்காரரை எனக்குக் கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை. மணலூர்பேட்டையில் கரும்பு நிலம் வைத்திருப்பவர். போகிற இடமெல்லாம் தன் நிலம் என்ற நினைப்பில்தான் பேசுவார். போன தை மாதம் வேன் பிடித்து, எங்கள் எல்லோரையும் கடலோரச் சரணாலயம் ஒன்றுக்கு அழைத்துப்போனார்.

அங்கே திறந்த ஜீப்பில் ஏறினோம். ஒரு பக்கம் சதுப்புநிலம், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. அப்படியொரு அமைதி. மாமாவுக்கு அது பொறுக்குமா?

"இன்னாப்பா, புலி இல்ல, யானை இல்ல! எங்க கல்வராயன் மலைக்கே போயிருக்கலாம்" என்று டிரைவரைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

ஓரிடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். புல்லுக்குள் ஒரு வெளிமான் குட்டி அசையாமல் படுத்திருந்தது. சற்றுத் தள்ளித் தாய்மான், கிட்டே வரப் பயந்து நின்றது.

"ஓடுனாதான் வீடியோ நல்லா வரும்" என்று செல்போனை என் கையில் திணித்துவிட்டு, மாமா பலமாகக் கைதட்டினார். தாய்மான் துள்ளி விலகியது. அவர் மறுபடி கையைத் தூக்கினார்.

அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டியே பழகிய அக்கா, அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"வாய மூடிக்கினு உக்காருங்க. பெத்தவ அங்க தவிச்சிக்கினு நிக்கறா."

மாமா கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தாய்மான் தயங்கித் தயங்கி வந்தது. குட்டி எழுந்து பால் குடித்தது. எல்லோரும் மானைப் பார்த்தார்கள். நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பணிந்து போகிறாளே என்று அக்காவையும் உள்ளுக்குள் இளக்காரமாகத்தான் நினைத்திருந்தேன். மாமா மேல் இருக்கும் இளக்காரம் இன்றும் குறையவில்லை. அக்கா மேல் இருந்தது அன்றோடு போய்விட்டது.