மீட்டர் விளக்கில் பச்சை வளையல்

எங்கள் ஊர் இலுப்பூருக்கு மின்சாரம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. வந்தது வீட்டுக்குள் நுழையாமல், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்ற காரோடு நின்றுவிட்டது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின காலம். புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தது. அப்பா ஒரு பழைய அமெரிக்கக் காரை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். முன்னால் இரண்டு பெரிய விளக்குகள், பின்னால் ஒன்று. உள்ளே, மீட்டர்கள் பதித்த பலகையின் நடுவில் நெல்லிக்காய் அளவில் இன்னொன்று. அந்தக் குட்டி விளக்குக்கு ஒரு தகரத் தொப்பி உண்டு. தொப்பியில் விரற்கணு நீளத்துக்கு ஒரு வெட்டு. வெளிச்சம் அதன் வழியாகத்தான் வரும். தொப்பியை எந்தப் பக்கம் திருகுகிறோமோ அந்தப் பக்கம் அடிக்கும்.

காரை ஓட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார், சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குள் வருவார். வீட்டில் அப்பாவின் தங்கை, என் அத்தை இருந்தாள். பெற்றவர்கள் இல்லாத அவளை வளர்த்தவர் அப்பாதான். புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்துக்கு அவளைக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அவளைக் கேட்க வேண்டும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று முடிவுகட்டி, வேப்பங்கொழுந்து தின்னச் சொல்லி யோசனையும் சொன்னேன்.

மாமாவுக்கோ அந்த மாதத்தில் மீட்டர் விளக்கு பிடிக்காமல் போய்விட்டது. மஞ்சள் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம். வேறு நிறமாக மாற்றியே தீருவது என்று கிளம்பினார். முதலில் சலவைக்குப் போடும் நீலத்தைக் குழைத்து பல்பில் பூசினார். காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பிறகு அம்மாவின் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவ, கார் முழுக்க வாணலி தீய்ந்த நாற்றம். மிட்டாய் சுற்றி வந்த சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிப் பார்த்தார். அது கருகிச் சுருண்டது. கடைசியில் என்னிடம் வந்தார்.

"ஆத்தா, ஒன் வளையச்சில்லுப் பொட்டியைக் கொண்டா பாப்போம்."

அந்தத் தகரப்பெட்டிதான் என் சொத்து. ஊரிலுள்ள பெண்கள் கையில் உடைந்த வளையல் துண்டுகளில் பாதி அதற்குள் இருந்தது. சிவப்பு, ஊதா, நீலம், தேன்நிறம் என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கிளிப்பச்சை இல்லையாத்தா?"

"அது அத்தை கையிலதான் கெடக்கு."

"அப்படியா?" என்று அன்றுதான் கேள்விப்படுபவர்போலக் கேட்டார். ஆவூர் மாதாகோயில் திருவிழாவுக்குச் சவாரி போனபோது அம்மாவுக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள், அத்தைக்கு ஆறு கிளிப்பச்சை என்று வாங்கி வந்து கொடுத்தவரே அவர்தான். இவ்வளவு மறதிக்காரரை நம்பி அப்பா காரைக் கொடுத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் அத்தையின் வளையல்களில் ஒன்று உடைந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் ஒரு வளையலை மட்டும் முன்னால் தள்ளி, கையைத் துவைக்கிற கல்லில் ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள்.

"பொண்ணு பாக்க வர்ற நேரத்துல வளையல ஒடச்சுக்கிட்டு நிக்கிறியே, அடுக்குமா இது? யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாக?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டு நல்ல துண்டுகளாக நான்கைப் பொறுக்கிக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தாள். "ஒங்க மாமாட்டக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத."

நான் ஓடிப்போய், "அத்தை குடுத்துச்சு, நான் குடுத்தேன்னு சொல்லாதன்னுச்சு" என்று ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். மாமா அரக்கை உருக்கி, தகரத் தொப்பியின் வெட்டுக்குள் அந்த நான்கு துண்டுகளையும் ஓடு பதிப்பதுபோல வரிசையாக ஒட்டினார். அவ்வளவு பொறுமையாக அவர் டயரில் பஞ்சர்கூட ஒட்டியதில்லை.

பொழுது சாயும்வரை பொறுக்க எங்களால் முடியவில்லை. காரின் துணிக் கூரையை விரித்து, சுற்றிலும் சாக்கும் படுதாவும் தொங்கவிட்டு, நடுப்பகலிலேயே உள்ளே இருட்டை உண்டாக்கினார் மாமா. அவர் ஸ்டீரிங் முன்னால் உட்கார, நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நீர்மோர் கொடுக்க வந்த அத்தையும் "எங்கே பாப்போம்" என்று மாமாவுக்கு இடப்பக்கம் ஏறிக்கொண்டாள். பெட்ரோல் வாடையும் சாக்கு வாடையும் மூச்சை முட்டின. மாமா விசையை இழுத்தார்.

கிளிப்பச்சை என்றால் அப்படியொரு கிளிப்பச்சை! மீட்டர் முட்கள், அத்தையின் கன்னம், மோர்ச் செம்பு எல்லாம் பச்சை. வெளிச்சம் தன் கண்ணில் படக்கூடாது என்று மாமா தொப்பியை இடப்பக்கமாகத் திருகி வைத்திருந்ததால் பாதி வெளிச்சம் அத்தையின் முகத்திலேயே விழுந்தது. அவள் நிமிர்ந்து முன்கண்ணாடியைப் பார்த்தாள்; "ஆத்தாடி!" என்று அலறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உடம்பில்லாமல் ஒரு பச்சைத் தலை தொங்கிக்கொண்டிருந்தது. அது அவளுடைய முகம்தான் என்று தெரிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். மாமாவும் சிரித்தார். வயிற்றில் பூச்சி இருப்பவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இது ஆகாது, பயமுறுத்துது. தொப்பிய அங்கிட்டுத் திருப்பி வச்சுடுறேன்" என்றார் மாமா.

அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தை மறுபக்கப் படுதாவுக்குள் புகுந்து மாயமாகிவிட்டாள். சாக்கை விலக்கிப் பார்த்த அப்பா, "பட்டப்பகல்ல வெளக்கப் போட்டு வச்சா பாட்டரி என்னத்துக்கு ஆகும் மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே மாப்பிள்ளைப் பையனின் அப்பாவான ஜவுளிக்கடைக்காரப் பெரியவரும் அவர் மனைவியும் அத்தையைப் பார்க்க வந்தார்கள். அழைத்து வந்ததும் எங்கள் கார்தான். அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமை. கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஊருக்குப் போய் நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அப்பாவின் முகம் மலர்ந்தது. அத்தை கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் கிளம்ப வேண்டிய நேரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போதவில்லை என்றார் மாமா. ஊற்றினார். மறுபடியும் போதவில்லை. அந்த ரேடியேட்டர் அன்றைக்குக் குடித்த தண்ணீரை என்றைக்கும் குடித்ததில்லை. ஒருவழியாகக் கார் புறப்பட்டபோது பொழுது இறங்கிவிட்டது. திரும்பி வரும்போது தம்பிக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று அம்மா என்னையும் ஏற்றிவிட்டாள். பெரியவர் முன்னால், மாமாவுக்கு இடப்பக்கம். நானும் அந்த அம்மாளும் பின்னால்.

அன்னவாசலுக்கு முன்னால் சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கூடிக்கொண்டு வரும். அங்கே ஒரு மரத்தில் முனி இருப்பதாகப் பேச்சு. சரியாக அந்த இடத்தில் மாமா மீட்டர் விளக்கைப் போட்டார்.

"ஐயையோ! அங்க பாருங்க!" அந்த அம்மாள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "முன்னாடி ஒரு தலை பறந்து போகுது! மீசையெல்லாம் பச்சையா இருக்கு!"

"எங்கடி?" என்றார் பெரியவர். அந்தத் தலையும் வாயைத் திறந்தது.

"ஐயோ, வாயைப் பொளக்குதே!"

மாமா காரை நிறுத்தினார், விளக்கையும் அணைத்தார். தலை போய்விட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே" என்று பணிவாகச் சொன்னார். மறுபடியும் புறப்பட்டதும் விளக்கைப் போட்டார். தலை திரும்ப வந்தது. இந்தத் தடவை பெரியவரும் அதைப் பார்த்துவிட்டார். அவர் திருநீறு எங்கே என்று மடியைத் தடவ, அது கண்ணை உருட்டியது. அது பெரியவரின் முகம்தான் என்று சொல்ல நான் எவ்வளவோ முயன்றேன். என் வாய் முழுக்க அந்த அம்மாளின் பட்டுப்புடவை இருந்தது.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாமா எனக்குக் கமர்கட்டு வாங்கித் தந்தார். "பெரிய மனுசங்க பயந்துட்டாகன்னு வெளியில சொன்னா அவுகளுக்கு மரியாதை இல்லத்தா" என்றார். மரியாதை தெரிந்த பெண்ணாக நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே ஆள் வந்து சொல்லிவிட்டான். பச்சைத் தலையோடு முனி வழி மறித்த இடத்தில் பெண் எடுக்க மாட்டார்களாம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இனி யார் இந்தப் பெண்ணைக் கேட்டு வருவார்கள் என்று புலம்பினாள். அப்பா கொட்டகைப் பக்கம் போனார். மாமா சவாரி இல்லாமல் குளத்துக்குக் குளிக்கப் போயிருந்தார்.

வெகு நேரமாகியும் அப்பா வராததால் நான் போய்ப் பார்த்தேன். காரைச் சுற்றிப் படுதாவும் சாக்கும் தொங்கின. இடுக்கு வழியாகப் பார்த்தால், உள்ளே விளக்கு எரிந்தது. அப்பா ஸ்டீரிங் முன்னால் உட்காராமல், பெரியவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தகரத் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த வளையல் துண்டுகளை விரலால் தடவினார். பாட்டரி எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்கிறார்போலிருக்கிறது என்று நினைத்தேன்.

என்னைக் கண்டதும், "இது யாரு வளையல்?" என்று கேட்டார்.

"அத்தையோடது. துவைக்கிற கல்லுல தட்டி ஒடச்சுச்சு."

"தட்டியா?"

"ஒண்ணே ஒண்ணுதான். இன்னும் அஞ்சு கெடக்கு. அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும்."

அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தொப்பியை இருந்தபடியே மாட்டிவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"முனியே மறிச்சுருச்சுன்னா நாம என்ன செய்ய முடியும்?" என்றார் அம்மாவிடம். "ஒரு சேவலக் குடுத்துட்டு, அந்த ரோட்டுல பயப்படாமப் போயிட்டு வர்ற ஆளாப் பாத்துப் புள்ளையக் குடுத்துட வேண்டியதுதான்."

"அப்படி ஆளுக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

"கொட்டகையில கெடக்கான்ல ஒருத்தன்."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அன்று மத்தியானம் அத்தை மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள். வேப்பங்கொழுந்து வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாமா மாமாவாகவே இருந்தார், அத்தை அத்தையாகவே இருந்தாள், நான்தான் யாரையும் புதிதாகக் கூப்பிட்டுப் பழக வேண்டிய சிரமம் இல்லாமல் தப்பித்தேன். ஊர்வலம் எங்கள் காரில்தான். மீட்டர் விளக்கு ஊரறியப் பச்சையாக எரிந்தது. அப்பா முனிக்குப் பயந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

கல்யாணத்துக்கு அப்பா தாமே திருச்சிக்குப் போய் அத்தைக்கு இரண்டு டஜன் வளையல் வாங்கி வந்தார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால் எல்லாமே கிளிப்பச்சை. அவ்வளவு பெரிய ஊரில் வேறு நிறம் கிடைக்கவில்லை, பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.