சகலை கடைக்கு எதிர் இருக்கை

மொடமொடப்பார் என்று தெருவார் வைத்த பெயர் அவர் தேய்க்கும் சட்டைகளுக்கும் பொருந்தும், அவருடைய நடைக்கும் பேச்சுக்கும் பொருந்தும். வளைவது அவருடைய பிறவியிலேயே இல்லை. பெரிய சலவை நிறுவனம் ஒன்றின் பெயரைக் கடை முகப்பில் ஏற்றி, அதன் சோப்பையும் வாசனை நீரையும் அதன் முறையையும் கைக்கொண்டு தொழில் நடத்தும் ஃபிரான்சைஸ் உரிமை அவருக்கு இருந்தது. அந்த ஊரில் அவ்வுரிமையை முதலில் பெற்றவர் என்பதால் தலையில் கண்ணுக்குத் தெரியாத மகுடம் ஒன்றைச் சுமந்தே திரிந்தார்.

மனைவியின் தங்கை கணவர் அதே நிறுவனத்தின் உரிமையைப் பெற்றுச் சில தெருக்கள் தள்ளிக் கடை திறந்த அன்றே அம்மகுடம் உறுத்தத் தொடங்கியது. சகலைக்குத் தொழில் புதிது. ஆயினும் அங்கே கூட்டம் நெரிந்தது.

"அப்படி என்னதான் இருக்கு அவன்கிட்ட?" என்று ஒருநாள் மனைவியிடம் வெடித்தார்.

"சிரிப்பு இருக்கு. நீங்களும் சிரிச்சுப் பாருங்களேன், அதுக்கு என்ன வரியா போடுறாங்க?"

அன்றிரவு போர்த்திக்கொண்ட போர்வையில் அவர் அறியாத நறுமணம் ஒன்று எழுந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இது எங்க வெளுத்தது?"

"தங்கச்சி வீட்டுக்காரர் கடையில. நம்ம கடையில போட்டா ஊரார் துணியெல்லாம் முடிஞ்சுதானே நம்ம துணிக்கு வர்றீங்க!"

தம் கட்டிலிலேயே சகலை குடியேறிவிட்டதாக அவருக்குத் தோன்றிற்று. ஆனால் மறுகணமே வயிற்றெரிச்சலுக்கு நடுவே ஒரு குளிர்ச்சி. இந்த மணம் நிறுவனம் தரும் வாசனை நீருக்கு உரியதன்று! வெளியில் வாங்கிய சரக்கைக் கலக்குகிறான்!

ஒப்பந்தத்தின் ரத்துப் பிரிவை அவர் துதிப்பாடல் போல மனப்பாடம் செய்திருந்தார். பிழைகளை அது இரு வகையாகப் பிரிக்கும். திருத்திக்கொள்ளத்தக்க பிழைக்கு நிறுவனம் முதலில் எச்சரிக்கை அனுப்பித் தவணை கொடுக்க வேண்டும். தவணைக்குள் திருந்தாவிட்டால் உரிமையைப் பறிக்கலாம். வேற்றுச் சரக்கைக் கலப்பது இவ்வகை. இரண்டாம் வகைக்கு எச்சரிக்கையும் இல்லை, தவணையும் இல்லை, உடனே ரத்து. அந்த வகையில் சகலையை எப்படியாவது சேர்த்துவிட முடியுமா என்று தேடித் தேடிப் படித்தாரே ஒழிய, வேறு எவரையும் அதில் வைத்துப் பார்க்கவில்லை.

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். சகலைக்கு எச்சரிக்கை போயிற்று.

பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவில் "இதோ வருகிறேன்" என்ற அட்டையைத் தொங்கவிட்டுப் புறப்படுவார். சகலையின் கடைக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தின் இருக்கையில் அமர்ந்து, வந்த பேருந்துகளையெல்லாம் போகவிட்டு, அவன் திருந்தாதிருக்க வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொள்வார். அவனோ எச்சரிக்கை வந்த அன்றே வெளிச்சரக்குப் புட்டிகளை அப்புறப்படுத்திவிட்டான். கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மணம் போன பின்பும் கூட்டம் குறையவில்லை! அப்படியானால் வேறு எதுவோ இருக்கிறது. அந்த எதுவோ என்ன என்று காணாமல் அவரால் தம் கடையில் நிற்கவே முடியவில்லை. இஸ்திரிப் பெட்டி இங்கே ஆறிக் கிடந்தது. நெஞ்சு அங்கே கொதித்துக்கொண்டிருந்தது.

சகலை திருந்தியதைச் சரிபார்க்க நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்தார். கண்டிப்பான அம்மையார். வந்த வழியில் மொடமொடப்பார் கடையையும் எட்டிப் பார்த்தார். அட்டை தொங்கியது. பக்கத்துத் தையற்காரரைக் கேட்டார்.

"இதோ வருகிறேன்னுதான் மேடம் போட்டிருக்கு. எந்த மாசம்னு போடல," என்றார் அவர். "தினமும் இதே கூத்துதான்."

அம்மையார் சகலையின் கடைக்குச் சென்று சோதனையை முடித்து வெளியே வந்தபோது, எதிர் இருக்கையில் மொடமொடப்பார்! கைகாட்டி அழைத்தார். அவர் வந்து நின்றார்.

"கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு இங்க என்ன சார் பண்றீங்க? வேலை நேரத்துல கடையைக் கைவிட்டா எச்சரிக்கை கிடையாது, நேரா ரத்துதான். படிச்சிருக்கீங்கல்ல?"

ஒப்பந்தம் வரி வரியாக மொடமொடப்பாரின் மனத்தில் ஓடிற்று. இரண்டாம் வகையின் முதல் வரியே அதுதான். கடை போனால் அவருக்குப் பிழைப்பு வேறில்லை.

உள்ளிருந்து சகலை ஓடி வந்தார். "மேடம், அண்ணன் எனக்காகத்தான் வந்தாரு. எச்சரிக்கை வந்ததும் நான் ஆடிப்போயிட்டேன். தினமும் வந்து எதிர்ல உட்கார்ந்து காவல் காக்குற மாதிரி பார்த்துக்கிட்டாரு. உள்ள வாங்கண்ணேன்னு எத்தனை தடவ கூப்பிட்டேன், கூச்சப்பட்டு வரல."

நடிப்பில்லை. அந்த மடையன் உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தான்!

"அப்படியா சார்?" என்றார் அம்மையார்.

காவலா! இவனுக்கா! இல்லை என்று சொல்ல உதடு துடித்தது. ஆம் என்றால் வாழ்நாளெல்லாம் இவன் தயவில் நிற்க வேண்டும்; இல்லை என்றால் நிற்கக் கடையே இராது. பிறந்தது முதல் வளையாத கழுத்து மெல்ல அசைந்தது.

"ஆமா," என்றார். அவர் தேய்த்த எந்தத் துணியும் அத்தனை சூட்டைக் கண்டிராது.

"ரத்து பண்ண எங்களுக்கு உரிமை இருக்கு, பண்ணியே ஆகணும்னு இல்ல," என்றார் அம்மையார். "ஆனா ஒரு நிபந்தனை. உங்க கடை திறந்திருக்கான்னு தினமும் சாயங்காலம் இவரு வந்து பார்த்து எங்களுக்குச் சொல்லணும்."

"அதுக்கென்ன மேடம், அண்ணன் கடைதானே!" என்றார் சகலை, முகமெல்லாம் பல்லாக.

அன்று முதல் மாலைதோறும் சகலை வருகிறார். வந்தவர் சும்மா இருப்பதில்லை. இரண்டு சட்டையை மடித்துத் தருகிறார், நிற்பவர்களிடம் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறார். காலையில் காற்று வாங்கிய கடை மாலையில் நிறைகிறது.

நேற்று நண்பகலில் ஓர் அம்மாள் துணி மூட்டையோடு வாசலில் நின்று, உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார்.

"குடுங்கம்மா," என்று கை நீட்டினார் மொடமொடப்பார்.

"இல்லீங்க, இருக்கட்டும். அந்தச் சிரிச்ச முகத்துக்காரர் எப்ப வருவாரு?"

பற்களைக் கடித்துக்கொண்டு, அதையே சிரிப்பாகக் காட்ட முயன்று, "சாயங்காலம்," என்றார் அவர்.