வாத்தியாரின் கணினி பேசிய கதை

வாத்தியாரின் மடிக்கணினி அன்று காலை ஊமையாகிப்போயிருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு சாந்தோமிலிருந்து ஆட்டோ பிடித்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் கூடும் மாடி அறைக்கு வந்து நின்றார். பள்ளியில் வரலாறு நடத்துபவர், பார்வையில்லாதவர். திரையில் உள்ள தமிழை உரக்க வாசிக்கும் மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் சேர்ந்து எழுதிவந்தோம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். முந்தைய நாள் வெளியிட்ட புதிய பதிப்புதான் அவருடைய கணினியின் குரலைப் பறித்திருந்தது. எங்கள் கணினிகளில் அது நன்றாகவே பேசியது.

அவர் கோபப்படவில்லை. "ஏம்மா, நீங்க புதுசு விடும்போதெல்லாம் நான் பயந்துகினே உக்காந்திருக்கேன். வெளிய விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ அதைப் பேச வெச்சுப் பாக்க முடியாதா?" என்றார்.

அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. சில மாதங்களில் ஓர் ஏற்பாடு செய்தோம். யார் ஒரு வரியை மாற்றினாலும், பழைய வகையும் புதிய வகையுமான சோதனைக் கணினிகளில் மென்பொருள் தானாகவே ஏறும். சில வாக்கியங்களை வாசிக்கும். எழும் ஒலி சரியான ஒலியோடு பொருந்தினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஒரு சிவப்பு தெரிந்தாலும் வெளியீடு நின்றுவிடும்.

அடுத்த பதிப்புக்கு எங்களைவிட ஆவலாகக் காத்திருந்தவர் வாத்தியார்தான். எண்ணால் எழுதிய ஆண்டுகளை அது முதன்முறையாக, ஆங்கிலத்தில் அல்லாமல், தமிழிலேயே வாசிக்கப்போகிறது. வரலாறு நடத்துபவருக்கு வேறென்ன வேண்டும்? வெளியிட இருந்த நாளில் அவரும் மாடிக்கு வந்திருந்தார். பழைய வகைக் கணினி மட்டும் சிவப்பு காட்டியது. அதில் 'மழை' 'மலை'யாக ஒலித்தது.

"சார், நீங்க இப்ப வெச்சிருக்கிற கம்ப்யூட்டர் பொட்டி புதுசு. அதுல நல்லாவே ஓடும். விட்டுடலாமா?" என்று கேட்டேன்.

வாத்தியார் தலையை அசைத்து மறுத்தார். "எனக்குக் கெட்டுப்போனா ஆட்டோ புடிச்சு உங்ககிட்ட வந்துருவேன். வெளியூர்ல இருக்கிறவன் எங்கம்மா போவான்? இருக்கட்டும், சரி பண்ணிட்டே விடுங்க."

அவர் இறங்கிப் போகையில் கைத்தடி படிகளில் வழக்கத்தைவிட மெதுவாகத் தட்டியது. ஏமாற்றம்தான், சொல்லவில்லை. பிழையைத் தேடிப் பிடிக்கச் சில வாரங்கள் ஆயின. எல்லாம் பச்சையானதும் முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் மென்பொருளை எங்கெங்கோ இருப்பவர்கள் திருத்துகிறார்கள். சோதனையைத் தாண்டாமல் எதுவும் வெளியே போவதில்லை. அண்மையில் லஸ் பக்கம் ஒரு கடையில் காபி குடிக்கையில், புதிய பதிப்பு எப்படி என்று அவரிடம் கேட்டேன்.

"எப்பம்மா விட்டீங்க?"

"கொஞ்ச நாள் ஆச்சு சார். உங்க பொட்டியில தானா ஏறியிருக்கும்."

"அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே," என்றார்.

புதுசு விடும்போதெல்லாம் பயந்து உட்கார்ந்திருந்தவரா இவர் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளுக்கு இன்னொரு காபி சொன்னேன்.