வயலினுக்குள் கிடந்த குளிசைகள்

கிளினிக்குக்குப் போகிற செவ்வாய்க்கிழமைகளில் பட்ரிசியா நேரத்தோடு எழும்பி அல்பர்ட்டின் சேட்டையும் களிசானையும் அயன் பண்ணிவிடுவாள். சப்பாத்துக்கு மை பூசி, தலையை எண்ணெய் வைத்து வாரி, சேட் பையில் மடித்த லேஞ்சி ஒன்றையும் செருகிவிட்டால் மனுசனுக்கு எழுபத்தொரு வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மட்டக்களப்பு டவுனில் அல்பர்ட் பாஸைத் தெரியாதவர்கள் குறைவு. தச்சு வேலையில் கைராசிக்காரர், அதனால்தான் 'பாஸ்'. அதைவிட, வயலின்காரர். போர்த்துக்கேய வழிவந்த பறங்கி வீட்டுக் கலியாணத்தில் கபரிஞ்ஞா நடனம் ஆட ஆட்கள் சோடி சேரும்போது முதலில் கேட்பது, "அல்பர்ட் பாஸ் வந்திட்டாரா?" என்றுதான்.

டொக்டரும் அவரோடு கதைப்பதில் விருப்பம் உள்ளவர். கொப்பியைப் புரட்டிக்கொண்டே கேட்பார்:

"பாஸ், குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஒவ்வொரு நாளும் டொக்டர். சாராயத்த மறந்திட்டன். குளிசைய மறப்பனா?"

டொக்டர் சிரிப்பார். பட்ரிசியாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அவளுக்கு நாலு அறை கொடுத்திருக்கலாம். ஏனென்றால், கதிரையில் கால்மேல் கால் போட்டிருந்த அந்த மனுசனுக்கு அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது. தான் இருப்பது ஆஸ்பத்திரி என்றும் தெரியாது. டொக்டரை, அலுமாரி செய்யச் சொல்ல வந்தவர் என்று நினைத்துக்கொண்டுதான் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். பகிடி விடுகிற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. இது பட்ரிசியாவுக்குத் தெரியும், டொக்டருக்குத் தெரியாது. ஒன்றரை வருடமாக அவள் அதைப் பூசி மெழுகிக்கொண்டு வந்தாள்.

சுனாமி வந்தபோது அவர்கள் கடற்கரையோரம் டச்பாரில் இருந்தார்கள். நத்தாருக்கு அடுத்த நாள். வீடு, உளிப்பெட்டி, அல்பர்ட்டின் தகப்பன் வாசித்த வயலின், எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. இவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனது. அகதி முகாமில் வைத்துப் பார்த்த டொக்டர்தான், அல்பர்ட்டின் இருதயம் தாளம் தப்பி அடிக்கிறது, இப்படியே விட்டால் ரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய்விடும் என்றார். அன்றிலிருந்து வார்பரின் குளிசை. ரத்தம் உறையாமல் பார்க்கிற மருந்து அது. மாதத்துக்கு ஒருமுறை, சிலவேளை இரண்டு முறை, ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஐ.என்.ஆர் என்று ஒரு இலக்கம் வரும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேண்டும். குறைந்தால் கட்டிபடும். கூடினால் எங்கிருந்தாவது ரத்தம் வடியத் தொடங்கும்.

திராய்மடுவில் புதுவீடு கிடைத்துக் குடிபோன பிறகுதான் மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு பெயர்கள். ஒருநாள் பஸ் ஏறி டச்பாருக்குப் போய், வீடு இருந்த வெறும் மணலில் நின்று, "பட்ரி, கதவத் திற" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பட்ரிசியா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கேட்டவர்களிடம், பழைய இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டார் என்றாள்.

ஏன் மறைத்தாள்? அவளுக்கு ஊர்வாயைத் தெரியும். அவளே ஒரு காலத்தில் அந்த வாயாக இருந்தவள். அல்பர்ட்டின் தாய்க்கும் கடைசிக் காலத்தில் இதே வருத்தம். கிழவி சவர்க்காரத்தைப் பாணில் பூசித் தின்றதை, இருபத்திரண்டு வயது மருமகளாகிய பட்ரிசியா கலியாண வீடுகளில் நடித்தே காட்டுவாள். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அல்பர்ட் ஒருநாளும் சிரித்ததில்லை. வயலினைச் சுருதி சேர்க்கிற மாதிரிக் குனிந்துகொள்வார். அதை இப்போது நினைத்தால் அவளுக்குக் காது சுடும்.

வயலின் கதைக்கு வருவோம். சுனாமிக்குப் பிறகு சொந்தக்காரர்கள் சேர்ந்து அவருக்கு வேறொரு வயலின் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது அறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. ஒருமுறை அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த மருமகன் ஜேமி, மேசையில் இருந்த குளிசைப் பெட்டியைப் பார்த்து, "மாமா, இது எலிமருந்துச் சாமான் தெரியுமா? எலிக்கும் இதத்தான் வைக்கிற" என்று பகிடியாகச் சொல்லிவிட்டுப் போனான். எத்தனையோ விசயங்கள் தங்காத அந்தத் தலையில் இது மட்டும் போய்க் குந்திக்கொண்டது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் முடிந்து சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. அதற்கு முந்தின ஒரு வருடமாக அடுத்தடுத்துச் செத்தவீடுகள் வந்ததால் வயலினை யாரும் சுவரிலிருந்து இறக்கியிருக்கவில்லை. மண்டபத்தில் சோடிகள் நிரையாக நின்றார்கள். அல்பர்ட் வயலினைத் தாடையில் வைத்தார். மனுசியின் பெயர் தெரியாத நாட்களிலும் அவர் விரல்களுக்குக் கபரிஞ்ஞா தெரியும். வில்லை இழுத்தார். வயலினுக்குள்ளே கிலுகிலு என்று ஒரு சத்தம். நிறுத்தினார். மறுபடி இழுத்தார். மறுபடி கிலுகிலு. முன்வரிசையில் நின்ற பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அல்பர்ட்டின் தங்கச்சி டெனீஸ், இரண்டு வீடு தள்ளி இருப்பவள், சத்தமாகவே கேட்டாள்: "என்ன கா அது, உள்ளுக்கு?"

"பூச்சி உருண்டை. மரம் அரிச்சிருமெண்டு நான்தான் போட்டு வச்சன்" என்றாள் பட்ரிசியா. பொய் சொல்ல அவளுக்கு அப்போதெல்லாம் யோசிக்கவேண்டி இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வயலினைக் கவிழ்த்துக் குலுக்கினாள். வயலின் முகத்தில் வளைந்து கிடக்கிற ஓட்டைகளால் குளிசைகள் விழுந்தன. நீலம், ரோசா, நீலம், ரோசா. ஒரு ஜாம் போத்தல் நிறைகிற அளவு. பின்னேரம் பின்னேரம் அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தண்ணீர்க் கோப்பையும் கொடுத்துவிட்டு அவள் குசினிக்குப் போவாள். அவர் போய் வயலினுக்குள் போடுவார்.

"ஏன் இப்பிடிச் செஞ்ச நீங்க?"

"எலி பொல்லாதது பட்ரி. மரத்த அரிச்சிரும்" என்றார் அவர், வேலை தெரியாத ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்.

இந்த இடத்தில்தான் அவள் பிழை விட்டாள். அந்த ஒரு வருடத்தில் இலக்கம் ஒன்று தசம் மூன்று, ஒன்று தசம் நாலு என்று கீழேயே கிடந்தது. டொக்டரும், 'இவருக்கு இந்த அளவு காணாது' என்று கூட்டினார், பிறகும் கூட்டினார். வயிற்றுக்குள் போகாத குளிசைக்குத்தான் அந்தக் கூட்டல் எல்லாம். அடுத்த நாளே போத்தலைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, "டொக்டர், இவர் விழுங்கவே இல்லை" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் மறதியைச் சொல்லவேண்டும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? இனிமேல் ஒரு குளிசை தவறாமல் நானே கொடுத்துவிடுகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். கூட்டி எழுதிய அளவை அப்படியே அரைத்து, பாணில் ஜாமோடு பூசிக் கொடுத்தாள். மாமி பாணில் பூசியது சவர்க்காரம் என்ற நினைவு வரும்போதெல்லாம் கை நின்று நின்று போனது.

பத்து நாளில் அவர் கைகளில் கருநீலத் திட்டுகள். ஒருநாள் பாணைத் துப்பிவிட்டு எழும்பப் போனவரின் மணிக்கட்டை அவள் இறுக்கிப் பிடித்து இருத்தினாள். அடுத்த நாள் அவளுடைய ஐந்து விரலும் அங்கே கறுப்பாகப் பதிந்திருந்தன. பக்கத்து வீட்டுச் சீதேவி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். அல்பர்ட் அவளிடம் போய் மெதுவாகச் சொன்னார்: "இவ எனக்கு எலிமருந்து தாறா."

"பகிடி விடுறார் கா" என்றாள் பட்ரிசியா.

சீதேவி சிரிக்கவில்லை. மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அந்த வெயிலிலும் அவருக்கு நீளக் கைச் சேட். அடுத்த செவ்வாய் கிளினிக். ரத்தம் எடுக்கும்போது கையைச் சுருட்டுவார்களே, நேர்ஸ் மிஸ்ஸிமார் பார்ப்பார்களே என்று அவள் போகவே இல்லை. டெனீஸிடம் அவருக்குக் காய்ச்சல் என்றாள்.

பிறகு வந்தது அந்த நாள். வன்னிச் சண்டை முடிந்துவிட்டது என்று நாடு முழுக்க விடுமுறை விட்டிருந்தார்கள். டவுன் பக்கம் கொண்டாட்ட வெடி கேட்டது. திராய்மடுவில் பாதிக் கதவுகள் சாத்தியே கிடந்தன. சீதேவியின் தம்பி குடும்பம் வன்னிக்குள் இருந்தது. அவள் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. காலையில் பட்ரிசியா பார்த்தபோது அல்பர்ட்டின் தலையணை ரத்தம். பல் முரசிலிருந்து வடிந்துகொண்டே இருந்தது. கக்கூசில் போனது பீற்றூட் தண்ணீர் மாதிரிப் போனது.

டெனீஸ் ஓடிவந்தாள். அண்ணனின் சேட்டைக் கழற்றிப் பார்த்தாள். திட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ அடிச்சயா கா?"

"இல்ல டெனீஸ். யேசுவாணை இல்ல."

"இண்டைக்குக் கிளினிக்கும் இல்ல. ஆஸ்பத்திரி வாட்டில தெரியாத ஆக்கள் இருப்பாங்க. இந்தக் கையப் பாத்தா பொலிசுக்குச் சொல்லிருவாங்க. செவ்வாய் வரைக்கும் பொறு. மறுகா நம்மட டொக்டரிட்ட காட்டலாம். நம்மட மானமும் கிடக்கு கா."

பட்ரிசியாவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதைச் சொல்ல அவளுக்கே வெட்கம். ஆனால் பட்டது. ஒரு நிமிடம் முழுக்கப் பட்டது. அதற்குள் அல்பர்ட் லேஞ்சியால் வாயைத் துடைத்து, சிவந்துபோன லேஞ்சியை நாலாக மடித்து, திரும்பவும் பையில் செருகிக்கொண்டார். ஒழுங்கான மனுசன். அதைப் பார்த்ததும் அவள் எழும்பிப் போய் ஜாம் போத்தலை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

மீராசாஹிப்பின் ஓட்டோ மட்டும்தான் கிடைத்தது. ஆமிச் சென்றியில் யாரோ அதன் கண்ணாடியில் சின்னக் கொடி ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். மீராசாஹிப் ஒன்றும் கேட்காமல் ஓட்டினார்.

வாட்டில் ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை, ஒரு மிஸ்ஸி. அல்பர்ட் கதிரையில் நிமிர்ந்து இருந்து, "ஒண்டுமில்ல மகள். பல்லுக் குத்தினன், கொஞ்சம் பட்டிட்டு" என்றார். மிஸ்ஸி சேட் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டில் ஐந்து விரல்.

அல்பர்ட் குரலைத் தாழ்த்தினார். "மகள், இவ எனக்கு எலிமருந்து தாறா."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸி பட்ரிசியாவின் முகத்தைப் பார்க்காமலே, "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள்.

பட்ரிசியா வெளியே போகவில்லை. "அவர் சொல்றது மெய்தான் மிஸ்ஸி" என்றாள்.

போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வயலினைச் சொன்னாள், ஜாமைச் சொன்னாள், மணிக்கட்டைச் சொன்னாள். அவருக்கு மூளை மங்கிவிட்டது என்பதைத்தான் கடைசியில் சொன்னாள். ஒன்றரை வருடம் தொண்டையில் வைத்திருந்தது ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

டொக்டர்ப் பிள்ளை கிளினிக் கொப்பியையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது உள்ளுக்குப் போகல்ல எண்டு தெரியாமத்தானே அம்மா கூட்டி எழுதினது. அந்த முழு அளவையும் நீங்க குடுத்திருக்கிறீங்க." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் திட்டவில்லை. ரத்தம் பார்த்தார்கள். இலக்கம் ஒன்பதுக்கு மேல். வைட்டமின் கே ஊசி போட்டு, ரத்தத்தின் தெளிநீர் ஏற்றினார்கள். தலைக்குள் வடிந்திருந்தால் வேலை முடிந்திருக்கும், செவ்வாய் வரைக்கும் பொறுத்திருந்தால் அநேகமாக அதுதான் நடந்திருக்கும் என்றாள் டொக்டர்ப் பிள்ளை. பட்ரிசியா அந்தக் கட்டில் காலடியில் ஐந்து நாள் இருந்தாள்.

அவர் பிழைத்தார். இரண்டு கிழமை கழித்து மறுபடி கிளினிக். மறுபடி அயன் பண்ணிய களிசான், மை பூசிய சப்பாத்து, புது லேஞ்சி. பழைய டொக்டர் கொப்பியின் முதல் பக்கத்தில் வாட்டில் வைத்துச் சிவப்பு மையால் எழுதியிருந்ததை வாசித்தார். பிறகு வழக்கம்போல அவரிடமே கேட்டார்.

"பாஸ், குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஒவ்வொரு நாளும் டொக்டர். சாராயத்த மறந்திட்டன். குளிசைய மறப்பனா?"

டொக்டர் சிரிக்காமல் பட்ரிசியாவைப் பார்த்தார். வாங்கில் முப்பது பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது.

"அவர் சொல்றதக் கணக்கில எடுக்காதங்க டொக்டர்" என்றாள். "அவருக்கு இப்ப ஒண்டும் விளங்கிறல்ல. நான்தான் குடுக்கிற, விழுங்கும்வரைக்கும் பக்கத்தில நிண்டு."

எதுவுமே விளங்காத மனுசனுக்கு அது விளங்கிவிட்டது. மேலே போட்டிருந்த காலை இறக்கி நேராக வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. வயலினைச் சுருதி சேர்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார். தாயைப் பற்றி அவள் நடித்துக் காட்டிய காலத்தில் குனிந்த அதே குனிவு. வெளியே வந்து வாங்குகளைத் தாண்டும்போது அவள் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

"ஆக்களுக்கு முன்னால ஏன் பட்ரி என்ன அப்பிடிச் சொன்ன?"

பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும், "மன்னிச்சிருங்க" என்றாள்.

"எதுக்கு?" என்றார் அவர், உண்மையாகவே தெரியாமல்.

பஸ் வந்தது. அடுத்த கிளினிக் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் டொக்டர் அவரிடம்தான் முதலில் கேட்பார், அவள் இதையேதான் திரும்பச் சொல்லவேண்டும், அவரும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறவர் மாதிரிக் குனிவார்.