பையோடு எண்ணூருக்கு

சனிக்கிழமை, காலை எட்டு மணி. ராயபுரம் கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் நான்கு பேர் நிற்கிறோம்: நான், என் கணவர் குமரேசன், ஏழு வயது பவித்ரா, நான்கு வயது சரவணன். ஐந்தாவதாக ஒரு பை. நீல நிறம், ஜிப் பாதிவரைதான் ஓடும், உள்ளே எல்லாருக்கும் ஒரு நாள் துணி. போகிற இடம் எண்ணூர் தாழங்குப்பம். தூரம் பதினைந்து கிலோமீட்டருக்குப் பக்கம். இமயமலைக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்து எழுதுகிறவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அந்தப் பையைத் தெருவுக்குக் கொண்டுவர எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

பவியும் சரவணனும் கூடப் பிறந்தவர்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து இருவரையும் சேர்த்தே தத்தெடுத்தோம். எங்களிடம் வருவதற்கு முன்பே பவி இரண்டு இடம் மாறியிருந்தாள். ஒவ்வொரு முறையும் யாராவது அவள் துணியைப் பையில் திணிப்பார்கள், அவள் வண்டி ஏறுவாள், ஏறின இடத்துக்குத் திரும்பி வரமாட்டாள். அதனால் எங்கள் வீட்டில் பையை எடுத்தாலே ரகளைதான். முதல் வருடம் தீபாவளிக்கு என் அக்கா ஊருக்குப் போகத் துணி எடுத்து வைத்தேன். பவி கட்டிலுக்கு அடியில் புகுந்து, தம்பியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். ரயில் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் கைவீசிக்கொண்டு போய் அன்றைக்கே திரும்பிவிடுவோம்.

மற்றபடி பெண் நன்றாகத் தேறிவிட்டாள். வந்த புதிதில், "தண்ணி குடிச்சுக்கட்டுமாங்க?" என்று ஒவ்வொரு தம்ளருக்கும் அனுமதி கேட்பாள். இப்போது, "இன்னாம்மா சாம்பாரு, உப்பே இல்ல" என்கிறாள். கொங்குப் பேச்சு போய் எங்கள் தெருப் பேச்சு ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மட்டும் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் காப்பகத்துக்கே போறேன்" என்று கிளம்புவாள். வீட்டுப்பாடத்துக்கு ஒருமுறை, டிவியை அணைத்ததற்கு ஒருமுறை. வாசல்வரை போய்த் திரும்பிவிடுவாள். கோபத்தில் எந்தப் பிள்ளைதான் எதுதான் சொல்லாது என்று பக்கத்து வீட்டாரிடம் சிரித்துக்கொண்டே சொல்வேன். சொல்லிவிட்டு உள்ளே வந்ததும் வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போடுவேன். ஒரு நாள் உண்மையாகவே போய்விட்டால்?

பயணத்துக்குக் காரணம் என் கணவரின் அண்ணன் தேசப்பன். தாழங்குப்பத்தில் மீன்பிடிக்கிறவர். புது ஃபைபர் போட் ஒன்று வாங்கியிருந்தார். ஞாயிறு விடியலில் அதை முதன்முதலாகக் கடலில் இறக்கவேண்டும். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் போட் தண்ணீரில் இறங்கும்போது வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் கைவைத்துத் தள்ளவேண்டும். ஒரு கை குறைந்தாலும் காத்திருப்பார்கள்.

"நம்ம வூட்ல அஞ்சு புள்ளைங்கம்மா. அஞ்சும் வந்தாதான் போட்டு எறங்கும்" என்று போனில் சொன்னார்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மற்ற இரண்டு யார் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பவியோடு பேச்சுவார்த்தை நடத்தினேன். பையில் அவளே துணி அடுக்கட்டும். வீட்டுச் சாவியும் அவள் கழுத்தில் தொங்கட்டும். "ஒரு சாவிதான் கீது. ஞாயித்துக்கெழம நீ தொறந்தாதான் நாங்க உள்ள போவ முடியும்" என்றேன். யோசித்தாள். "போற வழியாவே வரணும். வேற வழி கூடாது" என்றாள். ஒப்புக்கொண்டேன். அப்படித்தான் கல்மண்டபம் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம்.

டோல்கேட் வரை பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரவணன் மடிக்குழந்தை. ஆக, குடும்பத்தில் காசு கொடுத்துப் பயணம் செய்தவர் என் கணவர் ஒருவர்தான், ஐந்து ரூபாய். டோல்கேட்டில் மெட்ரோ ஏறினோம். விம்கோ நகருக்கு ஆளுக்கு இருபது ரூபாய். சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாமே என்று சரவணனைச் சுவரில் இருந்த உயரக் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். தாண்டியிருந்தான். எங்களிடம் வந்தபோது அந்தக் கோட்டுக்கு எவ்வளவோ கீழே இருந்த பையன். "டிக்கெட் எடுக்கணும்மா" என்றார் அங்கே நின்றிருந்தவர். இருபது ரூபாயை இவ்வளவு சந்தோஷமாக நீட்டிய ஆளை அந்தக் கவுண்ட்டர் பார்த்திருக்காது.

டோல்கேட்டிலிருந்து ரயில் மேலே ஓடுகிறது. வலது பக்கம் வீட்டு மாடிகளுக்கு அப்பால் கடல், கரையோரச் சாலையில் நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். சரவணன் லாரிகளை எண்ணப் பார்த்து, பத்துக்குப் பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான். பவி எதையும் ரசிக்கவில்லை. ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விம்கோ நகரில் இறங்கி ஷேர் ஆட்டோ. எண்ணூருக்கு ஆளுக்கு இருபது ரூபாய். பவி ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அவரைக் குடைந்தெடுத்தாள்.

"அண்ணே, இது இன்னா எடம்?"

"எர்ணாவூரு பாலம் கண்ணு."

"திரும்பி வரசொல்லவும் இதுமேலதான் வருவியா?"

"பின்ன, பறந்தா வருவேன்?"

எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "ரெண்டும் உன் ஜாடையே இல்லையேம்மா. அவங்கப்பன் ஜாடையும் இல்ல."

இந்தக் கேள்விக்கு என்னிடம் நாலைந்து பதில்கள் தயாராக உண்டு. ஆளைப் பார்த்து எடுத்துவிடுவேன். அன்றைக்கு வாயைத் திறப்பதற்குள் பவி முந்திக்கொண்டாள். "மூஞ்சி இல்ல. எனக்கு எங்கம்மா மாரி கோவம் வரும்."

ஆட்டோவே சிரித்தது. என் கணவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

எண்ணூரை நெருங்கும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. "அது நம்ம வூட்லேந்து தெரியுமா?" என்றாள் பவி. தெரியாது என்றேன். "அப்ப அத முதுகுக்குப் பின்னால வச்சிக்கினு நடந்தா வூட்டுக்குப் போவலாம்" என்றாள். கெட்டிக்காரி என்று நினைத்தேனே தவிர, எதற்காக இந்தக் கணக்கு என்று யோசிக்கவில்லை.

பத்து மணிக்குத் தாழங்குப்பம். தேசப்பனின் மனைவி கஸ்தூரி அக்கா வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். மீன் கையோடு எழுந்து, முழங்கையாலேயே பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். மதியம் நெத்திலி வறுவல், வஞ்சிரக் குழம்பு. பவி மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சரவணன் பெரியப்பா மடியிலேயே தூங்கிப்போனான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கஸ்தூரி அக்கா பவியின் கன்னத்தைக் கிள்ளினார். "இன்னாடி ராசாத்தி, எங்கூட்டு மீனு புட்சிருக்குதா? அப்ப இங்கியே இருந்துக்கோ. உங்கம்மா, அப்பா போவட்டும். அதான் பையும் வந்துட்சே!" பையைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"வச்சிக்குங்க அண்ணி, வூட்ல பேஜாரு தாங்கல" என்றார் என் கணவர்.

நம் ஊரில் விருந்துக்குப் போன எந்தப் பிள்ளைதான் இந்தக் கேலியைக் கேட்காமல் வளர்ந்திருக்கிறது? நானும் கேட்டு அழுதிருக்கிறேன், அழுததற்காக முறுக்கு வாங்கித் தின்றிருக்கிறேன். பிரியத்தைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. பவி அழவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மூன்று மணிக்குப் போட்டைப் பார்க்கப் பெரியவர்கள் கரைக்குப் போனோம். பிள்ளைகள் ஐந்து பேரும் அக்காவோடு வீட்டில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது தேசப்பனின் மூன்று பிள்ளைகள்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா துணி எடுக்கப் பின்பக்கம் போயிருந்தாராம். உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. பை இல்லை.

என் கணவர் முகத்துவாரத்துப் பக்கம் ஓடினார். கடலோரத்தில் பிறந்தவருக்கு முதலில் தண்ணீர்ப் பயம்தான் வரும். எனக்கு வந்தது வேறு. பையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு யாரும் போகமாட்டார்கள். பவி தம்பியையும் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குக் கிளம்பிவிட்டாள். ஒன்றரை வருடமாகச் சொல்லிச் சொல்லிக் காட்டியவள் செய்தே காட்டிவிட்டாள். சமைத்ததும் தலை சீவியதும் காய்ச்சலுக்குக் கண்விழித்ததும் இவ்வளவுதானா என்று நினைத்தபடி எண்ணூர் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. புகைபோக்கிகள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

பேருந்து நிலையத்தருகே காலையில் வந்த அதே ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. பின் சீட்டில் பவி, மடியில் பை, பக்கத்தில் பாதித் தூக்கத்தில் சரவணன். ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டு வழியை மறித்தபடி நின்றிருந்தார்.

"வாம்மா, வா. உன்னத்தான் பாத்துகினு கீறேன்" என்றார். "சவாரிக்குக் கூப்புடுது. தனியா ஏத்தமாட்டேன், அம்மா வரட்டும்னு சொன்னா சண்டைக்கு வருது."

"எங்க போகணும்னு சொன்னா?" என்றேன்.

"எங்கியா? வூட்டுக்குத்தான். ராயபுரம், கல்மண்டபம் ஸ்டாப்பிங்கு, மாவு மெஷின் சந்து, பச்சக் கதவு. வழி எனக்கே சொல்லிக் குடுக்குது. எர்ணாவூரு பாலமாம், விம்கோ நகராம், டோல்கேட்டாம். காசு வூட்ல தரேன்னு சொல்லுது. ராயபுரத்துப் புள்ளன்னு வாயத் தொறந்தாலே தெரியுதே!"

ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி இப்படிப் பண்ண? அம்மா வேணாமா உனக்கு?"

பவி என்னை முறைத்தாள். அந்தக் கோபம் என்னுடையதேதான், மீன்காரம்மா பார்த்திருக்கவேண்டும். கழுத்துக் கயிற்றைச் சட்டைக்குள்ளிருந்து இழுத்துச் சாவியைக் காட்டினாள்.

"நீங்க எங்கள வுட்டுட்டுப் போனா வூட்டுக்கு எப்டிப் போவீங்க? சாவி எங்கிட்டதான கீது. அதான் நாங்க முன்னால போறோம். நீங்க வந்து கதவுகிட்டதான நிக்கணும்."

அங்கேயே, ஆட்டோப் படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே படவில்லை. பவி ஒளிந்துகொள்ளவும் இல்லை, காப்பகத்துக்கும் ஓடவில்லை. எங்களுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து வைக்க, தம்பியையும் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள் என் பெண். சொல்லாமல் தெருவில் இறங்கியதற்குத் திட்டவும் திட்டினேன். திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டேன்.

ஓட்டுநர் எங்களைத் தாழங்குப்பத்தில் இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை. "காலைல மூணு மணி நேரக் கேள்விய பத்து நிமிஷத்துல கேட்டுட்டா, எனக்குப் பொழுது போச்சு" என்று போய்விட்டார்.

கஸ்தூரி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார், கண் சிவந்திருந்தது. விவரத்தைச் சொன்னேன். வாசல் நிலைக்குப் பக்கத்தில் பவிக்கு எட்டும் உயரத்தில் ஒரு ஆணி அடித்து, பையை அதில் மாட்டினார். "உன் பை இங்கதான் கண்ணு இருக்கும். பெரிம்மா தொடமாட்டேன். காலைல போட்டத் தள்ளிட்டு உங்கூட்டுக்குப் போ" என்றார். பவி பையை ஒருமுறை எடுத்துப் பார்த்து, மறுபடி அவளே மாட்டினாள். அதற்குப் பிறகு தூங்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிறு விடியலில் போட் இறங்கியது. தேசப்பன் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார். ஆண்கள் தோள்கொடுக்கத் தயாராக நின்றார்கள். "புள்ளைங்க கைய வைங்க" என்றார். நான்கு கைகள் விழுந்தன. சரவணனுக்கு அலையைப் பார்த்துப் பயம். என் பின்னால் ஒளிந்துகொண்டான். யாரும் அவசரப்படுத்தவில்லை. முழங்கால் தண்ணீரில் அத்தனை ஆண்களும் காத்திருந்தார்கள். "அஞ்சாவது கை வரட்டும்" என்றார் தேசப்பன். பவி போய்த் தம்பியை இழுத்துவந்து அவன் கையைப் போட்டின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். போட் நகர்ந்தது. அந்தக் கரையில் என்னைவிட நிமிர்ந்து யாரும் நின்றிருக்க முடியாது.

பத்து மணிக்குக் கிளம்பினோம். சொன்ன வாக்குப்படி அதே வழி: எர்ணாவூர் பாலம், விம்கோ நகர், மெட்ரோ, டோல்கேட், கல்மண்டபம். பை பவியின் தோளில். எண்ணூரில் கடல் வாசலுக்கே வருகிறது, மீன் துள்ளத் துள்ளக் கிடைக்கிறது, ராத்திரி காற்றுக்கு விசிறி வேண்டாம். எங்கள் மாவு மெஷின் சந்தில் இது எதுவும் கிடையாது, ஒண்டுக்குடித்தனம், ஒரே ஜன்னல். பவி அந்தச் சந்துக்குள் ஓடினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனவள் பையைக் கவிழ்த்து அழுக்குத் துணியையெல்லாம் தரையில் கொட்டி, "இதெல்லாம் தொவைக்கணும்" என்று எனக்கு உத்தரவு போட்டாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய்த் தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். யாரையும் கேட்கவில்லை.